‘இன்னேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல் கையாள: முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களில் மூன்று கூட்டம் உண்டு. நீட் எழுதும் பிளஸ் டூ பிள்ளைகள், ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதி வெளிநாடு போக நினைக்கும் நர்ஸ்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். ‘இன்னேட்’ என்ற சொல் மூவருக்கும் எதிரே வந்து நிற்கும். மூவரும் தடுக்குவதும் ஒரே இடத்தில்தான். அகராதியில் ‘பிறவியிலேயே உள்ள’ என்று ஒரு வரியைப் பார்த்த உடனே வாக்கியம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் தமிழில் ‘பிறவி’ வரும் இடத்தில் எல்லாம் இதைக் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள்.

வாக்கியம் எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உட்காருமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில், எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருக்கும் ஆங்கில அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுமே கற்பவர்களுக்கென்று தனி அகராதி வைத்திருக்கின்றன, கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆங்கிலம்–தமிழ் அகராதியை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில் வரும்.

நோட்டின் முதல் பக்கத்தில், உங்களுக்கும் உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கும் உள்ள குணம், திறமை, உடல் நிலை என்று பத்து விஷயங்களைத் தமிழிலேயே எழுதுங்கள். ‘அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் இரக்கம் வரும்’, ‘மாமா கண்ணை மூடிக்கொண்டு தேங்காய் உரிப்பார்’, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை’. எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். நான்காவது படிக்கு இந்தப் பட்டியல்தான் மூலப்பொருள். இது இல்லாமல் படிப்பவர்கள் புத்தகத்து எடுத்துக்காட்டையே திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

2. முதலில் காதும் எழுத்தும்

எழுத்து: ஐ, என், என், ஏ, டி, இ. இரண்டு ‘என்’. ஒன்றை விட்டு எழுதுவது மிகவும் சாதாரணமான பிழை.

எழுத்தில் இரண்டு இருந்தாலும் ஒலியில் ஒன்றுதான். தமிழில் இரட்டித்த மெய்யை அழுத்தி நீட்டிச் சொல்கிறோம், ‘அன்னை’, ‘கன்னம்’ போல. ஆங்கிலத்தில் அந்த அழுத்தம் கிடையாது. அதனால் தமிழில் எழுத வசதிக்காக ‘இன்னேட்’ என்று போட்டாலும், வாயில் ‘இனேட்’ என்றே வர வேண்டும். அழுத்தம் இரண்டாம் அசையில்: இ-னேட். ‘லேட்’, ‘டேட்’ போலவே முடியும்.

இதே ‘ஏ, டி, இ’ என்ற முடிவு ‘ப்ரைவேட்’, ‘அக்யூரேட்’ போன்ற உரிச்சொற்களில் ஆங்கிலேயர் வாயில் ‘இட்’ என்று சுருங்கிவிடும். இங்கே சுருங்காது. ‘க்ரியேட்’, ‘டொனேட்’ போல நீண்டு ஒலிப்பதால் சிலர் இதை வினைச்சொல் என்று நினைத்து, கடந்த காலத்துக்கு ‘டி’ சேர்த்து எழுதுகிறார்கள். இது வினை அல்ல, உரிச்சொல். காலமோ பன்மையோ இதற்கு இல்லை.

கண்ணை ஏமாற்றும் சொற்கள் இரண்டு. ‘இன்மேட்’ என்றால் விடுதியிலோ சிறையிலோ இருப்பவர். ‘இனேன்’ என்றால் அர்த்தமற்ற, முட்டாள்தனமான. வேகமாகப் படிக்கும்போது இவை மூன்றும் ஒன்றாகத் தெரியும்.

3. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

லத்தீனில் ‘நாஸ்கி’ என்றால் பிறத்தல், ‘நாட்டுஸ்’ என்றால் பிறந்த. முன்னால் ‘இன்’ சேர்ந்து ‘இன்னாட்டுஸ்’, அதாவது உள்ளேயே பிறந்த. 15-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

நடைமுறைக்கு உதவுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, இங்குள்ள ‘இன்’ மறுப்பு அல்ல. ‘இன்கரெக்ட்’, ‘இன்விசிபிள்’ படித்துப் பழகியவர்கள் இதையும் ‘இல்லாத’ என்று எடுத்துக்கொண்டு, பொருளை நேர் எதிராகப் புரிந்துகொள்கிறார்கள். இது ‘இன்ஹேல்’ என்பதில் உள்ள ‘இன்’, ‘உள்ளே’ என்று பொருள்.

இரண்டு, இதன் உறவுக்காரர்களை நமக்கு ஏற்கெனவே தெரியும். ‘நேட்டிவ் பிளேஸ்’ என்று தினமும் சொல்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு நடப்பது ‘ஆன்டிநேட்டல்’ பரிசோதனை. பிறந்த குழந்தைகளின் வார்டு ‘நியோநேட்டல்’. ‘நேச்சர்’, ‘நேஷன்’ கூட அதே வேர்தான். எல்லாவற்றிலும் பிறப்பு இருக்கிறது. நர்ஸ் பிள்ளைகளிடம் இந்த இரண்டு வார்டு பெயர்களைச் சொன்னால் போதும், சொல் மறக்காது.

4. மூன்று கேள்விகளால் சலித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இது. அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதிய பத்து விஷயங்களில் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்விகளின் முன் நிறுத்துங்கள்.

முதல் கேள்வி: இது உயிருள்ள ஒன்றின் குணமா, திறனா? இல்லையென்றால் ‘இன்னேட்’ பெரும்பாலும் பொருந்தாது.

இரண்டாம் கேள்வி: யாரும் சொல்லிக்கொடுக்காமலே, பார்த்துப் பழகாமலே வந்ததா? பழகி வந்தது என்றால் அது ‘அக்வயர்டு’ அல்லது ‘லேர்ன்டு’.

மூன்றாம் கேள்வி: இது நோயா, உடல் குறையா? ஆம் என்றால் வேறு சொல் வேண்டும். ஆறாவது படியில் வருகிறது.

எல்லாரும் சறுக்குவது இரண்டாம் கேள்வியில். குளச்சலில் கேட்டால் ‘கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் பிறவியிலேயே வந்தது’ என்பார்கள். பாசத்தில் சொல்வது. மனிதப் பிள்ளை நீந்தக் கற்றுத்தான் ஆக வேண்டும். நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்து வலை போடும் திறனும் அப்பனோடு கடலுக்குப் போய்ப் போய் வந்ததுதான். மீன் குஞ்சுக்கு மட்டும்தான் நீச்சல் கற்றுத்தர வேண்டாம், அங்கே ‘இன்னேட்’ சரி.

மயிலாடியில் சிற்பியின் மகன் சிற்பியாவதைப் பார்த்து, ‘ரத்தத்திலேயே இருக்கு’ என்கிறோம். அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து உளிச் சத்தத்துக்கு நடுவில்தான் வளர்ந்தான். பட்டறையில் கிடைத்தது பயிற்சி. குடும்பத் தொழில் என்பதும் பிறவித் திறன் என்பதும் வேறு வேறு. இந்த இரண்டையும் குழப்பாதவர்களுக்கு இந்தச் சொல்லில் பாதி வேலை முடிந்தது.

சிக்கலான ஒன்றையும் பார்த்துவிடுவோம். களியக்காவிளை பக்கத்துக் குழந்தை தமிழும் மலையாளமும் கலந்து பேசும். இது பிறவியா, பழக்கமா? இரண்டு மொழியுமே கேட்டுக் கற்றவை, சந்தேகமே இல்லை. ஆனால் எந்த மொழியைக் கேட்டாலும் பிடித்துக்கொள்ளும் அந்தத் திறன் மனிதக் குழந்தைக்கு இன்னேட் என்று வாதிட்டவர் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி. அதை மறுப்பவர்களும் உண்டு. உங்கள் நோட்டில் இதை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்: மொழி ஒரு பக்கம், மொழி கற்கும் திறன் இன்னொரு பக்கம். பல விஷயங்கள் இப்படிப் பிரித்தால்தான் தெளியும்.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடிக்கும், கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறக்கும். இவை சுத்தமான இன்னேட். பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

பிறந்த அன்றே வெளியே தெரிய வேண்டும் என்றும் இல்லை. தூக்கணாங்குருவி வளர்ந்த பிறகுதான் கூடு கட்டுகிறது. கட்டக் கட்டக் கை தேர்ந்தாலும், கட்டும் உந்துதல் கூடவே பிறந்தது.

பாதி பிறவி, பாதி பழக்கம் என்பதும் உண்டு. மார்த்தாண்டம் தேன் தெரிந்தவர்களுக்குத் தேனீயும் தெரியும். பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ ஆடிக் காட்டும். இது முழுக்கப் பிறவியில் வருவது என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். மூத்த தேனீக்களின் ஆட்டத்தைப் பார்க்காமலே வளர்ந்த தேனீக்கள் ஆட்டத்தில் அதிகப் பிழை செய்கின்றன என்று 2023-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட இடத்துக்கு ‘பார்ட்லி இன்னேட்’ என்று எழுதலாம். அது நல்ல ஆங்கிலம்தான்.

நம் பழமொழிகளையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பதை இன்னேட் என்ற சொல்லுக்கு விளக்கமாக எழுதும் பிள்ளைகள் நிறைய. அதிலேயே ‘பழக்கம்’ இருக்கிறதே! ஔவையார் பெயரில் வழங்கும் ‘சித்திரமும் கைப்பழக்கம்’ வெண்பா இந்தப் பிரிவினையை அழகாகச் செய்கிறது. ஓவியம், தமிழ், கல்வி எல்லாம் பழக்கம் என்று ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நட்பு, கொடை போன்றவற்றைப் பிறவிக் குணம் என்கிறது. கொடை பிறவியில் வருவதா என்று விஞ்ஞானி சண்டைக்கு வரலாம். சொல்லைப் புரிந்துகொள்ள அந்த வெண்பா போதும்.

5. எதோடு சேரும், எதோடு சேராது

‘இன்னேட்’ குணத்தோடும் திறனோடும் சேரும், ஆளோடு சேராது. தமிழில் ‘பிறவிக் கலைஞன்’ என்கிறோம். அதை அப்படியே ‘இன்னேட் ஆர்ட்டிஸ்ட்’ என்று எழுதக் கூடாது. ஆளைச் சொல்ல வேண்டுமானால் ‘பார்ன் ஆர்ட்டிஸ்ட்’. குணத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘இன்னேட் டாலன்ட்’. ‘ஐ ஆம் இன்னேட்’ என்ற வாக்கியமே கிடையாது.

அடிக்கடி கூட வரும் பெயர்ச்சொற்கள்: அபிலிட்டி, டாலன்ட், க்யூரியாசிட்டி, டிசையர், குட்னெஸ், ‘சென்ஸ் ஆஃப்’ என்று தொடங்குபவை. ‘ஷி ஹேஸ் ஆன் இன்னேட் சென்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்பதை அச்சாக வைத்துக்கொண்டு கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். முன்னால் ‘எ’ அல்ல, ‘ஆன்’. முதல் ஒலி உயிரொலி என்பதால்.

பெயருக்குப் பின்னாலும் வரும்: ‘திஸ் அபிலிட்டி இஸ் இன்னேட்’. யாரிடம் என்று சொல்ல ‘இன்’ அல்லது ‘டு’. ‘எனக்கு’ என்று தமிழில் யோசிப்பதால் ‘ஃபார்’ போடுகிறார்கள், அது பிழை.

‘வெரி இன்னேட்’, ‘மோர் இன்னேட்’ வேண்டாம். பிறவியில் வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி, கூடக் குறைய என்பதற்கு இடமில்லை. முன்பு பார்த்த ‘பார்ட்லி’ மட்டும் விதிவிலக்கு. அதேபோல ‘பார்ன் வித் இன்னேட் டாலன்ட்’ என்பது கேட்டுக் கதவு, நடு சென்டர் போன்றது. ஒன்று போதும்.

வினையடை ‘இன்னேட்லி’, பெயர் ‘இன்னேட்னெஸ்’. ‘இன்னேட்னெஸ்’ படிப்பாளிகளின் கட்டுரைக்கு வெளியே தேவைப்படாது.

6. அக்கம்பக்கத்துச் சொற்கள்

இங்கேதான் மதிப்பெண் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி தருகிறேன்.

‘இன்ஹெரன்ட்’: ஒன்றோடு ஒட்டியே இருப்பது, பிரிக்க முடியாதது. ஒட்டிக்கொள்ளுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொருள், தொழில், திட்டம் இவற்றுக்கு இதுவே சரி. தூத்தூர் மீனவர்கள் போகும் ஆழ்கடல் தொழிலில் ஆபத்து இருக்கிறது. அது ‘இன்ஹெரன்ட் ரிஸ்க்’. தொழில் எங்கும் பிறக்கவில்லை, அதனால் இன்னேட் அல்ல. உயிரில்லாதவற்றுக்கும் ‘இன்னேட்’ போட்ட வாக்கியங்களை ஆங்கிலத்தில் பார்ப்பீர்கள், அகராதியும் அனுமதிக்கிறது. ஆனாலும் கற்கும் காலத்தில் அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. தேர்வில் இரண்டு சொல்லையும் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது இந்த வேறுபாடுதான் காப்பாற்றும்.

‘இன்ட்ரின்சிக்’: ஒன்றின் உள்ளியல்பு, வெளியிலிருந்து வராதது. ‘இன்ஹெரன்ட்’டுக்கு மிக நெருக்கம். தங்கத்தின் மதிப்பு, ரப்பரின் இழுபடும் தன்மை போன்றவற்றுக்குப் பொருந்தும். குலசேகரத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவரின் கைத்திறன் கற்றது, ரப்பரின் இழுபடும் தன்மை இன்ட்ரின்சிக். இன்னேட் இந்த இரண்டு பக்கமும் வராது.

‘கன்ஜெனிட்டல்’: பிறக்கும்போதே இருக்கும் நோய், உடல் குறை. மூன்றாம் கேள்வியில் ‘ஆம்’ என்று வந்தவை எல்லாம் இங்கே. பிறவியிலேயே காது கேளாதவரை ‘இன்னேட் டெஃப்’ என்று ஒரு நர்ஸ் கடிதத்தில் எழுதினால் படிப்பவர் புருவத்தைத் தூக்குவார். ‘கன்ஜெனிட்டல்’ அல்லது ‘பார்ன் டெஃப்’.

‘ஹெரிடிட்டரி’: பெற்றோர் வழியாக மரபணுவில் வருவது. இதையும் கன்ஜெனிட்டலையும் ஒன்று என்று நினைப்பது நர்சிங் படித்தவர்களிடமே உண்டு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்தால் குழந்தை காது கேளாமலோ கண்புரையோடோ இதயக் குறையோடோ பிறக்கலாம். அது கன்ஜெனிட்டல், ஆனால் மரபணுவில் வந்ததல்ல. மறுபக்கம் மூளை நரம்பு செல்கள் படிப்படியாகச் சிதையும் ஹன்டிங்டன் நோய் மரபணு வழி வருவது, அறிகுறி பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தெரியும். அது ஹெரிடிட்டரி, கன்ஜெனிட்டல் என்று அழைப்பதில்லை.

‘இன்ஹெரிட்’, ‘இன்ஹெரன்ட்’ இரண்டும் ஒலியில் மட்டும்தான் சொந்தம். முதலாவது வாரிசு என்ற சொல்லிலிருந்து வந்தது, இரண்டாவது ஒட்டுதலிலிருந்து.

‘இன்ஸ்டிங்க்டிவ்’: யோசிக்காமல் சட்டென்று நடக்கும் செயல். பொதுவாகத் திறனுக்கு இன்னேட், செயலுக்கு இன்ஸ்டிங்க்டிவ். உயிரியலில் மட்டும் பிறவியில் வந்த செயலை ‘இன்னேட் பிஹேவியர்’ என்றும் சொல்வார்கள்.

‘இன்பார்ன்’: இன்னேட்டின் எளிய வடிவம், குணத்துக்கும் திறனுக்கும் பெரும்பாலும் மாற்றிப் போடலாம். ‘இன்ப்ரெட்’ மட்டும் வேண்டாம். நெருங்கிய உறவுக்குள் கலந்து பிறந்தது என்ற பொருள்தான் கேட்பவர் மனதில் முதலில் வரும். உங்களைப் பற்றியே அதைச் சொல்லி வைக்காதீர்கள்.

7. உயிரியல் படிப்பவர்களுக்கு

‘இன்னேட் இம்யூனிட்டி’ என்பது கலைச்சொல். பிறப்பிலேயே அமைந்த, எந்தக் கிருமி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தடுக்கும் ஏற்பாடு. பிளஸ் டூ என்சிஇஆர்டி பாடம் நான்கு தடைகளாகப் பிரிக்கும்: தோலும் சளிப்படலமும், வயிற்று அமிலம்–உமிழ்நீர்–கண்ணீர், நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள், கடைசியாக இன்டர்ஃபெரான். இதற்கு எதிர்ப்பதம் ‘அக்வயர்டு’ அல்லது ‘அடாப்டிவ்’.

பிள்ளைகள் தவறும் இடம்: தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகவும் சீம்பாலிலும் குழந்தைக்கு வரும் ஆன்டிபாடி. பிறக்கும்போதே இருக்கிறதே என்று இதை இன்னேட்டில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஆன்டிபாடியைத் தயாரித்தது தாயின் உடல், அதுவும் குறிப்பிட்ட கிருமிகளைச் சந்தித்த பிறகு. குழந்தைக்கு அது கடன். ஆகவே அக்வயர்டு, அதில் பாசிவ்.

8. இப்போது தமிழ் அகராதியைத் திறக்கலாம்

முதலிலேயே திறக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்: தமிழின் ‘பிறவி’ இன்னேட், கன்ஜெனிட்டல், பார்ன் என்ற மூன்று சொற்களின் வேலையையும் தனியாளாகப் பார்க்கிறது. வேறுபாடு தெரிந்த பிறகு பார்த்தால் குழப்பம் வராது.

மொழிபெயர்க்கும்போது குணத்துக்குப் ‘பிறவிக் குணம்’, திறனுக்கு ‘இயல்பான திறன்’ அல்லது ‘கூடவே பிறந்த திறன்’ இயல்பாக இருக்கும். ‘உள்ளார்ந்த’ என்பதை இன்ஹெரன்டுக்கு விட்டுவிடுங்கள். ‘பரம்பரை’ ஹெரிடிட்டரிக்கு. செய்தித்தாள்களில் இவை கலந்தே வரும், அதைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டாம்.

9. நேர்காணலிலும் கட்டுரையிலும்

வெளிநாட்டு ஆஸ்பத்திரி நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் ‘ஐ ஹேவ் இன்னேட் கம்பாஷன் அண்ட் லீடர்ஷிப்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். இலக்கணம் சரிதான். ஆனால் எதிரே இருப்பவர் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் பதில் இல்லை. பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் நீங்கள் உழைத்து வளர்த்துக்கொண்டது எதுவும் மிஞ்சாது. ‘டெவலப்டு’ என்று சொல்லி, இரவு டூட்டியில் நடந்த ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். இன்னேட்டை மற்றவர்களைப் பற்றிப் பேச வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் ஒரு தடவை போதும். ‘ஆர் லீடர்ஸ் பார்ன் ஆர் மேட்’ வகைத் தலைப்புகளில் இன்னேட்டும் அக்வயர்டும் எதிரெதிரே நின்றால் வாதம் கூர்மையாகும்.

10. பயிற்சி

சரி, நோட்டை எடுங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் எந்தச் சொல் என்று விடையை மறைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கடலாமைக் குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் கடலை நோக்கி ஊர்வது: இன்னேட் பிஹேவியர்.

பனை ஏறும் தொழிலில் விழும் ஆபத்து: இன்ஹெரன்ட். தொழிலோடு ஒட்டியது.

வடசேரியில் கோயில் நகை செய்பவரின் கை நுணுக்கம்: அக்வயர்டு. தாத்தா காலத்திலிருந்து செய்தாலும் ஒவ்வொரு தலைமுறையும் கற்றே ஆக வேண்டும்.

குழந்தையின் இதயத்தில் பிறக்கும்போதே உள்ள ஓட்டை: கன்ஜெனிட்டல். ஹெரிடிட்டரி என்று எழுதியிருந்தால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

எதைப் பார்த்தாலும் ‘இது என்ன?’ என்று கேட்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் ஆர்வம்: இன்னேட் க்யூரியாசிட்டி. ‘இன்னேட் சைல்டு’ என்று யாராவது எழுதியிருந்தால் ஐந்தாவது படி.